பேசாமல் எடுத்துவிட்டீர்களே: எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

போன செவ்வாய்க்கிழமை இரவு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல் வந்தது. 'திருத்திய பட்டியல்' என்று மேலே போட்டிருந்தீர்கள். 11ஆவது நிகழ்ச்சியைத் தேடினேன். இல்லை. 10 முடிந்ததும் நேராக இரவு உணவு. நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் படிக்கும் 16 வயதுப் பையன், ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டை வாசிக்க நான்கு மாதமாகப் பழகிவந்த பேஸ் கிட்டார் நிகழ்ச்சி அது. மொத்தமே நான்கு நிமிடம். அதை எடுத்துவிட்டீர்கள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனுடைய அம்மாவிடமும் சொல்லவில்லை. அவனும் என்னைப் போலவே போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

காரணம் கேட்டு உங்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். "தற்கொலை பண்ணிக்கிட்டவன் பாட்டு நம்ம பிள்ளைங்க மேடையில எதுக்கு டீச்சர்? நல்ல நாளும் அதுவுமா, பெத்தவங்க சங்கடப்படுவாங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் நானும் இதைச் சண்டையாக எழுதவில்லை. ஆனால் இந்த முடிவைச் சும்மா விட என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்ல, 15 வருடத்துக்கு மேல் உங்களோடு பழகியும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. உங்களில் இரண்டு பேருக்குத்தான் இது தெரியும். இனி எல்லோருக்கும் தெரியட்டும்.

14 வயதில், திருச்சியில், பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் முதல் முறை வந்தது. கண் விழித்தபோது வாட்ச்மேனின் சாவிக்கொத்து என் கைக்குள் இருந்தது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை. உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து அன்று மாலை வரை சிவந்திருந்தது. அந்த இரும்பு வாடையை இன்றும் கண்ணை மூடினால் என்னால் முகர முடியும். அடுத்த வாரம் இ.இ.ஜி. எடுக்கப் போனோம், மூளையின் மின்னலைகளைக் கோடுகளாகப் பதியும் சோதனை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள் என்று அம்மா இரண்டு முறை சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மண்டை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடின. சில இடங்களில் சமதரை, சில இடங்களில் திடீரென்று மலை. "இதுதான் உன் மூளை" என்றார் அங்கிருந்த அண்ணன்.

அதன்பின் வலிப்புக்கு எப்டாயின் மாத்திரை. அதனால் ஈறு வீங்கும். பெண் பார்க்க வந்தபோது "பல்லைக் காட்டிச் சிரிக்காதே" என்று பெரியம்மா சொல்லிவைத்தாள். நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே 1999 வரை அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்துக்குத் தடை என்று எழுதிவைத்திருந்த நாடு நம்முடையது. வீட்டார் பயந்ததில் தப்பில்லை. கல்யாணமாகி மூன்றாவது மாதம் நானே என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால் 'நோயைச் சொல்லக்கூடாது' என்ற பூட்டு என் வாயில் அப்படியே இருந்தது.

2006-இல் இங்கே, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து ஸ்டாக்போர்ட்டுக்கு வந்தோம். குளிர், மழை, பகலெல்லாம் வீட்டில் நான் மட்டும். பொழுது போகாமல் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய பொருள் கடையில் வாரம் இரண்டு நாள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன். ஒரு நாள் சி.டி. பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது ஓர் உறை கையில் வந்தது. முழுக் கறுப்பு. நடுவில் வெள்ளைக் கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஓரத்தில் சமதரை, நடுவில் மலை. முன்பக்கத்தில் பெயர்கூட இல்லை. என் கை நடுங்கியது. திருச்சியில் அந்த இயந்திரம் துப்பிய காகிதத்தை யாரோ சி.டி. மேல் அச்சடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அது இ.இ.ஜி. இல்லை என்பது பிறகு தெரிந்தது. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் துடிப்பு விண்மீனின் ரேடியோ அலைகள் அவை. 1.337 விநாடிக்கு ஒரு முறை துடிக்கும் நட்சத்திரம். வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றி உறையாக்கியவர் பீட்டர் சாவில். இசைத்தட்டின் பெயர் 'அன்னோன் பிளஷர்ஸ்'. வெளிவந்தது 1979 ஜூன். குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். பதிவு செய்த இடம் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோ. நம் ஊர்தான், ஸ்டாக்போர்ட் வாட்டர்லூ ரோடு. உங்களில் எத்தனையோ பேர் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறீர்கள்.

கடையில் என்னோடு வேலை பார்த்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்க்காரர். நான் அந்த உறையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "அந்தப் பாடகனுக்கு வலிப்பு நோய் இருந்தது, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் அதைக் கையில் எடுத்திருந்தேன். அன்று ஒரு பவுண்டு கொடுத்து வாங்கி வந்த சி.டி. இப்போது இதை எழுதும் மேசையில்தான் இருக்கிறது.

சரி, நீங்கள் 'தற்கொலை பண்ணிக்கிட்டவன்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்ட அந்த மனிதர் யார் என்று சொல்கிறேன். பெயர் இயன் கர்டிஸ். பிறந்தது 1956, ஸ்ட்ரெட்ஃபோர்ட். வளர்ந்தது மேக்கல்ஸ்ஃபீல்டு. 19 வயதில் கல்யாணம். அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை, அதிலும் உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடித்தரும் பிரிவில். அப்படி வேலை தேடி வந்த ஒரு இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. கொஞ்ச நாளில் அவள் அந்த நோயாலேயே இறந்துபோனாள் என்று தெரிந்து கலங்கிப்போனவர், அவளை வைத்து ஒரு பாட்டு எழுதினார். 'ஷீ'ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' என்ற அந்தப் பாட்டின் தாளத்தில் 'உஸ், உஸ்' என்று ஒரு சத்தம் வரும். டிரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மாரிஸை ஓர் அறைக்குள் உட்காரவைத்து, டேப் துடைக்கும் ஸ்பிரேயைத் தாளத்துக்குத் தாளம் அடிக்கச் சொன்னார் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட். எனக்கு அது மூச்சுச் சத்தமாகத்தான் கேட்கும். வலிப்பு முடிந்து நினைவு திரும்பும் முன், முதலில் திரும்பி வருவது சொந்த மூச்சின் சத்தம்தான். இதை நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை, எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்தப் பாட்டில்தான் கேட்டேன்.

1978 டிசம்பர் 27. லண்டனில் முதல் கச்சேரி முடித்து இரவில் காரில் திரும்பும்போது அவருக்கே வந்தது. 1979 ஜனவரியில் நோய் உறுதியானது. வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெடக்கூடாது. இவரோ வேலையையும் பார்த்துக்கொண்டு, நள்ளிரவில் வேனில் ஊர் திரும்பிக்கொண்டு, கைக்குழந்தை உள்ள வீட்டில் இருந்தவர். அந்தக் காலத்து மாத்திரைகளோ மனதை அப்படியே கீழே இழுத்துவிடக்கூடியவை. மேடையில் அவர் ஆடும் ஆட்டம், கைகளை வெட்டி வெட்டி வீசும் ஆட்டம், வலிப்பைப் போலவே இருக்கும். சில இரவுகளில் அது ஆட்டமாகத் தொடங்கி நிஜ வலிப்பாகவே முடிந்தது. 1980 ஏப்ரலில் லண்டனில் ஒரே இரவில் இரண்டு மேடை. முதல் மேடையில் மினுக்கு விளக்கைப் போட்டார்கள், விழுந்தார். கூட்டம் கைதட்டியது. பழைய பொருள் கடையில் என்னோடு வேலை பார்த்த அந்தக் கடைக்காரர் 1979-இல் அவரை மேடையில் பார்த்தவர். "நாங்கள் எல்லோரும் அது நடனம் என்று நினைத்தோம்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததைப் பிரித்துத் திரும்ப மடித்தார்.

நண்பர்கள் கதையும் இதுதான். கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர், பேஸ் வாசித்த பீட்டர் ஹுக், டிரம்ஸ் மாரிஸ், மூவரும் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. அவர் எழுதிய வரிகளை அப்போது தாங்கள் சரியாகக் கேட்கவே இல்லை, அவர் வேறு யாரையோ பற்றி எழுதுகிறார் என்று இருந்துவிட்டோம் என்று. தினமும் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். 1980 மே 18, குழு அமெரிக்காவுக்கு விமானம் ஏற வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், அவர் போய்விட்டார். வயது 23. இரண்டாவது இசைத்தட்டு 'குளோசர்' கடைக்கு வந்தது அதற்குப் பிறகு, ஜூலையில்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான். பாட்டுதான் அவரைக் கொன்றது என்பது போல் பேசுகிறீர்கள். பாட்டில் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போது ஒரு பையன் அதே பாட்டை எடுத்துக்கொண்டு நம் மேடைக்கு வருகிறான். நாமும் கேட்க மாட்டோம் என்கிறோம்.

என் கதைக்கு வருகிறேன். 2010 குளிர்காலம். ஒரு வலிப்பு வந்ததில் ஓட்டுநர் உரிமம் போயிற்று. இங்கே விதி அப்படி, 12 மாதம் வலிப்பு வராமல் இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். புது மாத்திரை. அது ஒத்துக்கொள்ளவில்லை. எரிச்சல், அழுகை, அப்புறம் அழுகைகூட வராத ஒரு வெறுமை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே வளர்ந்தேன். 192 பஸ்ஸில் மேல்தளத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து மான்செஸ்டர் போவேன், அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். போக ஓர் இடமும் இல்லை. காதில் ஜாய் டிவிஷன் மட்டும்.

அப்போதுதான் 'அட்மாஸ்ஃபியர்' பாட்டை உண்மையில் கேட்டேன். இந்தப் பையன் வாசிக்க இருந்த அதே பாட்டு. 1980 மார்ச்சில் பிரான்ஸில் ஒரு சிறு நிறுவனம் 1,578 பிரதி மட்டும் போட்ட தட்டு அது. வேகம் இல்லை, கத்தல் இல்லை. டிரம்ஸ் தூரத்தில் யாரோ நடந்து வருவது போல் உருளும். மேலே மணி குலுங்குவது போல் ஒன்று வரும். அந்தக் குரல் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கெஞ்சும். பேசாமல் விலகிப் போய்விடாதே என்று. லெவன்ஷூம் பக்கத்தில் பஸ் சிக்னலில் நின்றது. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், என் கணவரிடம் "எனக்கு முடியலைங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அது போதுமாக இருந்தது. மறுநாள் டாக்டரிடம் போனோம். மாத்திரையை மாற்றினார்கள், பேசுவதற்கு ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஐந்து ஆறு மாதத்தில் நான் நானானேன். என்னைக் குணமாக்கியது மருத்துவம்தான், பாட்டு இல்லை. ஆனால் அந்த இரண்டு சொல் வெளியே வர வழி செய்தது பாட்டு.

நான் ஒருத்திதான் இப்படி என்று நினைக்காதீர்கள். அடுத்த வருடம் மே 18 அன்று கடைக்காரர் என்னை மேக்கல்ஸ்ஃபீல்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அவர் வருடா வருடம் போகிறவர். பெரிய சமாதி எதுவும் இல்லை. பாதையோரமாகத் தரையில் ஒரு நீளமான கல், பெயர், தேதி, ஒரு பாட்டின் தலைப்பு. 2008-இல் அந்தக் கல்லை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், புதிது வைத்தார்கள். அதைச் சுற்றி நாணயங்கள், கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டுகள், பூக்கள், மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் போட்ட கடிதங்கள். நாங்கள் போனபோது எட்டு, பத்துப் பேர் இருந்தார்கள். ஒரு ஜப்பானியப் பெண், ஒரு லாரி டிரைவர், அப்பாவும் மகளுமாக இருவர். யாரும் சாவைக் கொண்டாடவில்லை. ஒருவருக்கொருவர் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் நிஜமான பதில் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே சொன்னார்கள். லாரி டிரைவர் தன் தம்பியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நானும் சொன்னேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவர்களிடம் 'எனக்கு வலிப்பு நோய்' என்று சொன்னது அன்றுதான், அந்தக் கல்லின் பக்கத்தில்தான்.

'அட்மாஸ்ஃபியர்' வந்து 20 வருடம் கழித்து, 2000-இல், ஜான் பீல் தன் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சியில் எல்லாக் காலத்துக்குமான 50 பாட்டுகளை நேயர்களிடம் கேட்டார். முதலிடம் அதற்குத்தான் கொடுத்தார்கள். 2020-இல் மனநலத்தைப் பற்றி மக்கள் பேசட்டும் என்று மான்செஸ்டர் போர்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு சுவர் முழுக்க கர்டிஸின் முகத்தை வரைந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஓர் இசைத்தட்டு விளம்பரத்துக்காக அதன்மேல் வண்ணம் பூசியபோது ஊரே பொங்கியது. விளம்பரத்துக்கு உரிய பாடகரே தனக்குத் தெரியாது, இதைச் சரிசெய்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எப்போதோ ஒரு காலத்தில் கேட்ட பாட்டுக்காக இவ்வளவு பேர் இப்படித் துடிக்க மாட்டார்கள். ஏதோ ஓர் இரவில் அந்தக் குரல் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவார்களே என்ற பயம் எந்தத் தாய்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. தற்கொலையை அழகாக்கிக் காட்டக்கூடாது, எப்படி நடந்தது என்று விவரிக்கக்கூடாது. இதில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இந்த மடலில்கூட அதை நான் எழுதவில்லை. பையனும் மேடையில் அதைப் பேசப்போவதில்லை. குழுவின் பெயரைப் பற்றியும் ஒருவர் கேட்டார். நாஜி முகாம்களில் பெண்களை அடைத்துச் சீரழித்த இடங்களுக்கு ஒரு கதைப்புத்தகத்தில் இருந்த பெயர் அது. 20 வயதுப் பையன்கள் ஊரை அதிரவைக்க வேண்டும் என்று வைத்த பெயர். அது தப்பு, அதற்காக நான் வாதாட வரவில்லை. பட்டியலில் குழுவின் பெயர் வேண்டாம் என்றால் பாட்டின் பெயரை மட்டும் போடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நாடகம் போட்டோம். நான்தான் வசனம் எழுதினேன். மன்னன் வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விடுகிறான். பார்த்தே இராத நண்பன் தேடி வந்து அவனோடு அமர்ந்து தானும் உயிர்விடுகிறான். பத்து வயதுப் பிள்ளைகள் நடித்தார்கள். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள், கோப்பை கொடுத்தீர்கள். யாருக்கும் சங்கடம் வரவில்லை. வரவும் வேண்டியதில்லை, ஏனென்றால் அது நட்பைப் பற்றிய கதை என்று நமக்குத் தெரியும். அப்பனை இழந்த பாரி மகளிர் நிலவைப் பார்த்துப் பாடியதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். கையறுநிலை என்று அதற்கு இலக்கணத்தில் ஒரு துறையே வைத்திருக்கிறோம். எங்கள் பாட்டி ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி பாடுவதற்கென்றே பேர் வாங்கியவள். அவள் வந்து உட்கார்ந்து முதல் வரியை எடுத்த பிறகுதான், அதுவரை கல்லாக இருந்த பெண்களுக்கு அழுகை வரும். துக்கத்தைப் பாடினால் துக்கம் பெருகும் என்று நம் ஆட்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. இங்கிலீஷ் பாட்டு என்றதும் மட்டும் ஏன் அப்படித் தோன்றுகிறது?

பையனைப் பற்றி, அவன் எழுதலாம் என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன். போன வருடம் வரை வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பான். தமிழ் வராததால் இல்லை, வீட்டில் நன்றாகப் பேசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பென்சில் பெட்டியின் மூடியில் அந்த வெள்ளைக் கோடுகளைப் பேனாவால் வரைந்திருந்ததைப் பார்த்தேன். கோடு நடுங்காமல், மலை மலையாக, பொறுமையாக வரைந்திருந்தான். "இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். அதன்பிறகு வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் போவான். பீட்டர் ஹுக் பேஸ் கிட்டாரில் ஏன் உச்ச சுருதியிலேயே வாசித்தார் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். சம்னரின் கிட்டார் சத்தத்துக்கு நடுவே தான் வாசிப்பது தனக்கே கேட்க வேண்டும் என்றால் மேலே போவதைத் தவிர வழியில்லையாம். "மிஸ், அவருக்கு அவரையே கேக்கல, அதான்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இதைக் கேட்டா நான் மட்டும் இப்படி இல்லன்னு இருக்கு மிஸ்" என்றான். அவன் என்னிடம் தன் மனதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. இப்போது பள்ளி ஆலோசகரிடம் பேசுகிறான், அவன் அம்மாவுக்கும் தெரியும். நன்றாக இருக்கிறான். மேடையில் வாசிக்க வேண்டும் என்று அவனே கேட்டான். நான் தூண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு அவன் எனக்கு அனுப்பிய செய்தி: "பரவால்ல மிஸ்." இந்த 'பரவால்ல' எனக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்கில் நானும் சொன்ன 'பரவால்ல' அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அந்த மூன்று நண்பர்களும் அங்கேயே நின்றுவிடவில்லை. பழைய பெயரைக் கைவிட்டு, நியூ ஆர்டர் என்று பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். கர்டிஸ் இருந்தபோது போட்ட பாட்டைத்தான் 1981-இல் தங்கள் முதல் தட்டாக வெளியிட்டார்கள். 1983-இல் அதே கைகள் போட்ட 'ப்ளூ மண்டே'க்கு உலகமே ஆடியது. நம் வீட்டுக் கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. போடும்போது நீங்களும் ஆடியிருப்பீர்கள், யார் பாட்டு என்று தெரியாமல். பையன் இந்தக் கதையையும் அறிந்தவன். தன் நிகழ்ச்சியின் கடைசி அரை நிமிடத்தில் 'அட்மாஸ்ஃபியரில்' இருந்து 'ப்ளூ மண்டே'யின் பேஸுக்கு மாறுவதாக வைத்திருந்தான். பயிற்சியின்போது கேட்டேன். அந்த மாற்றம் வரும் இடத்தில் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அதை நீங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே முடிவு செய்துவிட்டீர்கள்.

இப்போது என் கோரிக்கைகள்.

11ஆவது நிகழ்ச்சியைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். நான்கு நிமிடம், அதே இடம், இரவு உணவுக்கு முன். தலைப்பில் என்ன எழுத வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க நானும் பையனும் தயார். நிகழ்ச்சியை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதற்கு முன், குழுவில் இருந்து ஒருவர், தலைவரோ செயலாளரோ, அவன் வீட்டுக்கு நேரில் போய் அவனிடம் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். ஒரு தடவை அவன் வாசிப்பதைக் கேளுங்கள். கேட்ட பிறகும் உங்களுக்குக் கவலை இருந்தால் அதை அவனிடமே சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பையன்தான்.

விழாவில் டி.ஜே. மினுக்கு விளக்கு போடுவார் என்றால் முன்கூட்டியே அறிவியுங்கள். வலிப்பு உள்ளவர்களில் 100க்கு 3 பேரைத்தான் அது பாதிக்கும், ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் நம் அரங்கிலேயே இருக்கலாம். விளக்கு போட்டதும் நான் எத்தனை முறை 'சும்மா காற்று வாங்க' வெளியே போயிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999 அழைக்க வேண்டும். இதை மேடையில் இரண்டு நிமிடம் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். 15 வருடம் மறைத்தவள் நானே நின்று சொல்கிறேன்.

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் எண்ணைப் பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள்: 116 123. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். நம் பெற்றோர்களில் பலருக்கு இப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது.

வரும் ஞாயிறு காலை 10 மணி வகுப்புக்கு அவன் வருவான். கிட்டாரைக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதிலை எனக்கு இல்லை, அவனுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு வகுப்பு ஆசிரியை,
ஸ்டாக்போர்ட்